படிக்கொரு பெட்டி

எனக்குப் பெட்டி என்றால் பெட்டிதான்.
கிஸ்லேனுக்கு அது சிமிழ், செப்பு, பேழை, பெட்டகம்;
மூக்குப்பொடிக்கு ஒன்று, கையுறைக்கு ஒன்று,
கன்னத்தில் ஒட்டும் பொய் மச்சத்துக்கென்றே
கட்டைவிரல் நக அகலத்தில் ஒன்று.
ஞாயிறு விடிந்ததும் வெர்வியேவிலிருந்து ரயிலேறி
லியேஜ் சந்தைக்குப் போவாள்.
மழை பெய்தால் நல்லது என்பாள்:
நனைகிற வியாபாரி விலையை இறக்குவான்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான்,
ஏறுகிறவர்களை எண்ணிப் பழகிய கண்.
வீட்டுக்குள் ஏறியவை நூற்று நாற்பத்தொன்று.
இறங்கியது எதுவுமில்லை.
காப்பிக் கோப்பை வைக்க எனக்கு
ஜன்னல் விளிம்பில் உள்ளங்கையளவு இடம்
ஒதுக்கப்பட்டிருந்தது.

மாடிப்படிகள் பதின்மூன்று.
படிக்கொரு பெட்டி, சுவரோரமாக.
முதல் படியில் தேயிலைப் பெட்டி, இரண்டு அறை, ஒரு பூட்டு.
வேலைக்காரி ஒரு பிடி எடுத்துவிடக் கூடாதென்று
அந்தக் காலத்து எஜமானி
சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்கினாளாம்.
இப்போது அதில் தீர்ந்துபோன பேட்டரிகள்.
ஐந்தாம் படியில் ஸ்பா ஊர்ப் பெட்டி,
ஊற்று நீரில் ஊறவைத்துச் சாம்பலாக்கிய மரம்,
மூடிமேல் குடை பிடித்த சீமாட்டி, மூக்கு மட்டும் உரிந்தவள்.

ஆறாம் படியில், சாவியில்லாதது.
வால்நட் மரம், பித்தளை மூலைகள்.
சாய்த்தால் உள்ளே ஏதோ ஒன்று
இந்தப் பக்கம் வரும். நிமிர்த்தினால் அந்தப் பக்கம் போகும்.
ஸ்க்ரூடிரைவர் போதுமே என்றேன் ஒருமுறை.
அவள் பார்த்த பார்வையில்
அந்தச் சொல்லே அதன்பின் வீட்டில் புழங்கவில்லை.
கொத்துக் கொத்தாய்ப் பழஞ்சாவிகள் வாங்கிவந்தாள்,
ஒன்பது வருடம்.
நுழைந்தது திரும்பவில்லை,
திரும்பும்போல் இருந்தது நுழையவில்லை.

ஜூலையில் ஆறு வந்தது.
கம்பளி அலசிய காலத்தில் அது
நாளுக்கொரு சாய நிறத்தில் ஓடியதாம்.
ஆலைகள் மூடியபின் யாரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.
கதவைத் தட்டாமல் வந்தது,
ஏழாம் படிவரை ஏறியது,
இரண்டு இரவு தங்கியது.
என் கணக்கில் இறங்கிப்போன முதல் பயணி.
வெறுங்கையோடு போகவில்லை.

குழந்தை வண்டியில் நான்கு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு
அடுத்த தெரு நூர்ஜான் வந்தாள்.
“உங்களுடையதுதானே? இங்கே வேறு யாருக்கு
இத்தனை பைத்தியம்” என்றவள்
சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.
கிஸ்லேன் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு.
தக்காளிப் பந்தலில் சிக்கியதென்று
ஓதோன் ஒன்றை மடியில் ஏந்திக் கொண்டுவந்தார்,
அடிபட்ட பூனையைத் தூக்கி வருவதுபோல.
அதுதான் ஆறாம் படி.

அந்தக் காலத்துப் பசை எலும்பைக் காய்ச்சி எடுத்தது;
நூறு வருடம் இறுகிக் கிடக்கும், ஊறினால் கஞ்சி.
திறந்து கிடந்தவை மரம் வீங்கித்
தாமே பூட்டிக்கொண்டன.
பூட்டிக் கிடந்தது மூட்டுவிட்டு
சமையல் மேசையில் ஆறு பலகைகளாய்ப் படுத்தது.
பூட்டு மட்டும் இன்னும் பூட்டியபடி.

நடுவில் சேறு.
சேற்றுக்குள் ஒரு சாவி.

கழுவினாள். எண்ணெய் தொட்டாள்.
அந்தப் பூட்டிலேயே முதலில் போட்டுப் பார்த்தாள்.
இல்லை.
தேயிலைப் பெட்டியில், தப்பிய நூற்றுப் பதினாறில்
பூட்டுள்ள அத்தனையிலும். இரவு இரண்டு மணிவரை.
இல்லை.

இப்போது சந்தைக்கு நானும் போகிறேன், குடை பிடிக்க.
பெட்டியை நீட்டிச் சாவி கேட்டவள்
சாவியை நீட்டிப் பெட்டி கேட்கிறாள்.
வியாபாரிகள் முதலில் சிரிக்கிறார்கள்,
பிறகு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பி,
பற்களை எண்ணுகிறார்கள்.

கீழ்த்தளம் காலி. சுவர் இன்னும் காயவில்லை.
கோப்பையை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.
ஜன்னல் விளிம்பில்தான் வைக்கிறேன்.